கொழும்பின் ஈரத்தை மறந்த சிக்கனம்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குசினியில் பத்துக் கிலோ பருப்பை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சிக்கனம் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, காற்றில் ஈரமில்லாத ஊர்களில் இருந்து எழுதப்பட்டவை. மொத்தமாக வாங்குங்கள், அழகான போத்தல்களில் அடுக்குங்கள், எதையும் வீசாதீர்கள் என்பார்கள். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். காலி வீதியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் உப்பும் சேர்ந்துகொள்ளும். இதைக் கணக்கில் எடுக்காமல் செய்யும் சிக்கனம் பெரும்பாலும் குப்பை வாளியில்தான் போய் முடிகிறது.

மொத்தக் கொள்வனவு இதற்கு நல்ல உதாரணம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் விலை கேட்டவர்களுக்குத் தெரியும், கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தாலே கை தானாக நீளும். ஆனால் வீட்டில் மாதத்துக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு செத்தல் மிளகாய் முடிகிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அந்தக் கணக்கு தெரியாமல் மூட்டை வாங்கக் கூடாது. மொத்த விலைதான் வேண்டும் என்றால் தொடர்மாடியில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிப் பங்கிடலாம். ரவையிலும் கோதுமை மாவிலும் வண்டின் முட்டை கடையிலிருந்தே வருவதுண்டு. வாங்கியதும் இறுக்கமாக மூடி, நான்கைந்து நாள் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் அவை பொரிக்காது. ஒன்று கவனிக்க வேண்டும்: வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த மாவின் மேல் காற்றின் ஈரம் படிந்து கட்டிபட்டுவிடும். குளிர் முழுதாக விட்டுப்போன பிறகு திறவுங்கள்.

பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாயையும் நிலக்கடலையையும் துடைத்துவிட்டு வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்தான சிக்கனம். அவற்றில் உருவாகக்கூடிய அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். வீட்டு அடுப்பின் சூட்டில் அது முழுதாக அழியாது. இதில் மட்டும் தயக்கமே வேண்டாம், வீசிவிடுங்கள்.

அடுத்தது தேங்காய். 2025இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது சம்பலைக் குறைத்த வீடுகள் பல. ஆனால் உடைத்த தேங்காயை எப்படிப் பாவிக்கிறோம் என்று பார்த்த வீடுகள் குறைவு. ஒரு பாதியைத் திருவிவிட்டு மற்றப் பாதியை அப்படியே பிரிட்ஜில் வைத்து, மூன்றாம் நாள் வழுவழுப்பும் மஞ்சள் நிறமுமாக எடுத்து வீசுவது வழக்கமாகிவிட்டது. கண்ணுள்ள பாதிதான் விரைவில் பழுதாகும். அதை முதலில் திருவ வேண்டும் என்று அம்மம்மாமார் சொல்வது சரிதான். அதைவிடச் சுலபமான வழி, உடைத்த அன்றே இரண்டு பாதியையும் திருவி, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வைப்பது. பால் பிழியக் குளிர்ந்த தண்ணீரைவிட இளஞ்சூட்டுத் தண்ணீர் நல்லது. கொழுப்பு இளகிப் பால் கூடுதலாக இறங்கும். பிழிந்த பூவையும் கொட்டிவிட வேண்டியதில்லை. ஈரம் போகும்வரை சட்டியில் வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்தால் பாணுக்கும் சோற்றுக்கும் போதும். ரொட்டி மாவிலும் கலக்கலாம், ருசி கொஞ்சம் குறையும்; அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சிய கறி கெடுவதற்கும் பெரும்பாலும் தேங்காய்ப்பால்தான் காரணம். நாளைக்கும் வேண்டும் என்று தெரிந்தே கூடுதலாகச் சமைப்பவர்கள், பால் விடுமுன்பே நாளைய பங்கை எடுத்து ஆறவைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, பாலை மறுநாள் சேர்க்கலாம். சோறு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இரவு முழுவதும் பானையிலேயே விட்டுக் காலையில் சூடாக்கினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வெந்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் ஒருவகைப் பக்டீரியா இந்த வெக்கையில் பெருகி உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

எதையும் வீசாத பழக்கம் நல்லதுதான். ஆனால் பல்கனியில் அடுக்கி வைத்த யோகட் கோப்பை, ஐஸ்கிரீம் டப்பா, சிரட்டை எல்லாம் முதல் மழையிலேயே நுளம்புப் பண்ணையாகிவிடும். டெங்கு நுளம்புக்குச் சிரட்டையில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரே போதும்; முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வளவில் நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உங்கள் சிக்கனத்துக்கு வழக்கும் கிடைக்கலாம். எத்தனை டப்பா உண்மையில் பயன்படுமோ அத்தனையை மட்டும் வீட்டுக்குள்ளே மூடியோடு வையுங்கள். மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து மீள்சுழற்சிக்குக் கொடுத்துவிடலாம்.

காயவைத்து என்ற சொல்தான் குப்பை பிரிப்பதில் முக்கியம். உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று இரண்டு பையில் போட்டாலும், மீன் கழுவிய தண்ணீர் சொட்டிய கடதாசியைப் பழைய பேப்பர் வாங்குபவர் தொடவும் மாட்டார். அதற்காகப் பிளாஸ்டிக்கைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவவும் வேண்டாம். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் போதும். பால்மா, நூடில்ஸ் பைக்கற்றுகள் பல படலங்களை ஒட்டிச் செய்தவை; அந்தப் படலங்களைப் பிரித்தெடுப்பது கடினம். அவற்றை மீள்சுழற்சிப் பையில் போட்டு மனத்தைத் திருப்திப்படுத்திக்கொள்வதால் பலன் இல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். இந்த நகரத்தில் குப்பை எங்கே போகிறது என்பது தெரியாத விஷயம் அல்ல. இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இருக்கிறதே என்பார்கள். ஈரக் குப்பையை எரித்தால் வெப்பத்தின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

பல்கனியில் கூட்டெரு தயாரிக்கப் புறப்படுபவர்கள் மரக்கறித் தோலை மட்டும் வாளியில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் நாற்றம், இரண்டாம் வாரத்தில் அயல்வீட்டாரின் முறைப்பாடு. ஒவ்வொரு முறையும் ஈரமானதன் மேல் தும்புத்தூளோ, காய்ந்த இலையோ, கிழித்த கடதாசி மட்டையோ தாராளமாகப் போட வேண்டும். வாளியின் பக்கங்களில் துளை வேண்டும். மீனும் இறைச்சியும் வேண்டாம். இதற்கெல்லாம் நேரமோ இடமோ இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தண்ணீரை வடித்து, பிரித்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

துணிப்பை, மூங்கில் தூரிகை, ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்கள் என்று கழிவைக் குறைப்பதற்காகவே புதுச் சாமான் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பைக்குக் காசு என்றானதும் வீட்டுக்கு வீடு பத்துத் துணிப்பை சேர்ந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த பனையோலை உமல் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும்போது இன்னொரு பை எதற்கு?

மின்சாரத்திலும் தவறான இடத்தில்தான் நம் கண் போகிறது. கைபேசி சார்ஜரைக் கழற்றச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டிவிட்டு, ஈரம் காயாத சட்டைகளை மழைக்காலத்தில் அயன் பெட்டியால் காயவைப்போம். ஆயிரம் வாட் பெட்டியை ஒரு மணி நேரம் இடைவிடாமல் சூடாக்கினால் ஓர் அலகு போகும். அறுபது வாட் விசிறி ஒன்று அதே அலகில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் சுழலும். ஆகவே விசிறியின் கீழ் துணியைக் காயவிடுவது மலிவு. சூடான சொதியை மூடாமல் பிரிட்ஜுக்குள் வைத்தால் அந்த ஆவியையும் குளிர்விக்க அது கூடுதலாக உழைக்கும். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து ஈரக் காற்று ஓயாமல் நுழையும். ஒரு கடதாசித் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டணம் வேறு அட்டவணைப்படி கணக்கிடப்படுவதால், அந்த எல்லைக்கு அருகில் உள்ளவர்கள் மின்பட்டியல் வரும்வரை காத்திருக்காமல் மாத நடுவிலேயே மின்மானியைப் பார்த்து, முன்னைய வாசிப்பிலிருந்து எத்தனை அலகு ஓடியிருக்கிறது என்று கழித்துப் பார்க்கலாம்.