முதல் செமஸ்டரில் 10 மணி நேரம் போதும்: அமெரிக்காவுக்குப் படிக்க வருபவர்களுக்கு

வந்து இறங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்: "கேம்பஸ்ல வேலை எங்க கிடைக்கும்?" ஊரில் கல்விக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்காமல் எப்படி இருக்க முடியும்? நானும் கேட்டேன். கிடைத்த முதல் வேலையில் வாரம் 20 மணி நேரத்துக்கும் பெயர் கொடுத்தேன்.

டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவும் வேலை. சாப்பிட்ட தட்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். மிச்சத்தைத் தட்டி, தண்ணீர் பீய்ச்சி, ரேக்கில் அடுக்கி மெஷினுக்குள் தள்ள வேண்டும். மறுபக்கம் கை வைக்க முடியாத சூட்டில் வெளியே வரும். கடைசி ஷிப்ட் என்றால் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்ப இரவு 11 மணி. ஈர ஷூவோடு பஸ் பிடித்து அறைக்கு வந்து சேர்ந்தால் 11:40. அசைன்மென்ட் ஏற்றக் கடைசி நேரம் 11:59. பாதி எழுதியதை அப்படியே ஏற்றிவிட்டுப் படுத்த இரவுகள் பல. அந்த அக்டோபரில் மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும்) தேர்வில் நான் வாங்கியது 100க்கு 41.

வேலையைக் குறை சொல்லவில்லை. நான் போட்ட கணக்குதான் தப்பு. மணிக் கூலியை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். இப்படிப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 12 டாலர், வாரம் 20 மணி, 15 வாரம். மொத்தம் 3,600 டாலர். கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 1,200 டாலர் வாங்கும் பல்கலைக்கழகத்தில் 3 கிரெடிட் பாடம் ஒன்றின் கட்டணமும் அதே 3,600 தான். ஒரு பாடத்தில் தோற்றால் செமஸ்டர் முழுக்க நின்று சம்பாதித்தது அதோடு போயிற்று. உங்கள் கட்டணத்தை வைத்து இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அது உச்சவரம்பு, எட்டியே ஆக வேண்டிய இலக்கு அல்ல. இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் சேர்த்துத்தான் 20. இந்த வாரம் 15 பார்த்தேன், அடுத்த வாரம் 25 பார்க்கிறேன் என்பது செல்லாது. ஆசிரியருக்கு உதவியாளராக டி.ஏ. வேலை கிடைத்தால் அந்த நேரமும் இதில் அடக்கம்.

வெளியே பெட்ரோல் பங்கிலோ கடையிலோ கையில் காசு தரும் வேலைக்கு நம் ஊர்க்காரர்களே கூப்பிடுவார்கள். நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அனுமதி இல்லாமல் வேலை பார்த்தால் மாணவர் அந்தஸ்தே போய்விடும். அதைத் திரும்பப் பெறும் வழியும் அடைபட்டுவிடும். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் போய்க் கேட்கவும் பயமாக இருக்கும்.

எந்த வேலை என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நூலக மேசை, கம்ப்யூட்டர் லேப், விடுதி வரவேற்பு மேசை போன்ற இடங்களில் கூட்டம் இல்லாதபோது புத்தகத்தைத் திறக்க விடுவார்களா என்று நேர்காணலிலேயே கேட்கலாம். டைனிங் ஹால்தான் கிடைத்தது என்றால் மதிய ஷிப்டைக் கேளுங்கள். பல இடங்களில் ஷிப்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் உண்டு, அது சிறிய விஷயம் இல்லை. ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அடுத்த முறை அதே பாடத்துக்கு விடைத்தாள் திருத்தும் கிரேடர் வேலையைப் பேராசிரியரிடம் கேட்கலாம். படித்ததும் மறக்காது.

வேலை கிடைத்ததும் சம்பளத்துக்கும் வரிக்கும் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேண்டும். வேலை தருபவரின் கடிதம், பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸ் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) எல்லாம் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போங்கள்; கட்டணம் கிடையாது. முதல் சம்பளச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். மாணவராக வந்த முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. பிடித்திருந்தால் உடனே சம்பளப் பிரிவில் கேளுங்கள், சம்பளத்தில் அந்த 7.65 சதவீதம் உங்கள் பணம். வரித் தாக்கல், வரிக் கணக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படுவோருக்கான 1040-என்ஆர் படிவத்தில். இந்திய மாணவர்கள் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவைக் காட்டி நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கேட்கலாம். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

சூப்பர்வைசரிடம் "முடியாது" என்று சொல்ல நமக்கு வாய் வராது. நானும் அந்த 41ஐ வாங்கிய பிறகுதான் போய் நின்றேன். வாரம் 10 மணி நேரமாகக் குறைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அட்டவணையை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த இரவு ஷிப்டுகளை அடித்துவிட்டு, "சனிக்கிழமை மதியம் வருவாயா?" என்று மட்டும் கேட்டார். செப்டம்பரிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் பாடத்திட்டத் தாளில் தேர்வுத் தேதிகள் முதல் நாளே இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி, வேலைக்குச் சேரும் அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.