பழைய காலணாவுக்கு விலை பார்க்கும்போது செய்யக் கூடாதவை

பரணில் கிடந்த தகரப்பெட்டியிலிருந்தோ பாட்டியின் சுருக்குப்பையிலிருந்தோ ஒரு செப்புக்காசு கைக்கு வந்தால், நம் வீடுகளில் முதலில் நடப்பது புளி கரைப்பதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புளிக்குப் பஞ்சமா என்ன! அரை மணி நேரத்தில் காசு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். விலையில் பெரும்பகுதி அதற்குள் அந்தக் கிண்ணத்திலேயே கரைந்திருக்கும்.

காசின் மேல் படிந்திருக்கும் பழுப்பு அழுக்கல்ல. செம்பே காற்றோடு சேர்ந்து உண்டான மேல்தோல் அது. புளியின் அமிலம் அதைக் கரைக்கும்போது நுண்ணிய கோடுகளும் கூடவே போகின்றன. சாம்பலோ தேங்காய் நாரோ போட்டுத் தேய்த்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். பத்து மடங்கு லென்ஸ் வைத்திருக்கும் எந்தச் சேகரிப்பாளரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மண் இளகியதும் பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். வெளிர்பச்சையாக, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது வேறு சங்கதி. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன என்று அர்த்தம். அந்தக் காசை உலர்வாகத் தனியே வையுங்கள்.

"1835-ன்னு போட்டிருக்கு, கிட்டத்தட்ட இருநூறு வருசம்! லட்சத்துக்குப் போகும்" என்பது அடுத்த தவறு. வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 காலணா, அதே தேதியைத் தாங்கியபடி பின்வந்த ஆண்டுகளிலும் அச்சானது. விக்டோரியா ராணியின் 1862 காலணாவும் அப்படித்தான். இரண்டும் இன்றும் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. இந்தக் காலணாவின் எடை 6.47 கிராம். செம்பு கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் உலோக மதிப்பு ஆறரை ரூபாய்தான். அதற்கு மேல் வருவதெல்லாம் எத்தனை காசு மிச்சமிருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்த ஓட்டைக் காலணாவும் இதே கதைதான். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளை விட்டு 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். வாஷருக்குப் பதிலாக அதை மாட்டியவர்களும் உண்டு. தேய்ந்த காசு என்றால் சில பத்து ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எடை போடாமல் விலை பேசுவதும் தவறு. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். நகைக்கடையில் கேட்டாலும் போட்டுத் தருவார்கள். 1906-க்குப் பிறகு செம்புக்குப் பதில் வெண்கலம் வந்ததால் ஓட்டையில்லாத காலணாவின் எடை 4.86 கிராமாகக் குறைந்தது. தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஒரு கிராம் கூடினாலோ குறைந்தாலோ சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் மேலே செம்பு முலாம், உள்ளே இரும்பு.

ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்று வரும் அணாக்களைத் தராசில் வைக்கவே தேவையில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது பிற்காலத்துப் பூசை வில்லை. அரிசியை இழுக்கும், அதிர்ஷ்டம் தரும் என்று விற்பவனிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நம் மாவட்டங்களில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது திப்புவின் யானைக்காசு. நம் பகுதி அடங்கிய பாராமகால் 1792 வரை அவர் கையில் இருந்தது. அதில் பலரும் சறுக்குவது ஆண்டில். திப்பு மவுலூதி என்று தனிக் கணக்கு வைத்து, எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். 1218 என்பது காசில் 8121 போல நிற்கும். சரியாகத் திருப்பிப் படித்துவிட்டு வழக்கமான இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி என்று கணக்குப் போட்டால் 1803 வரும். திப்பு இறந்ததோ 1799-ல்! யானை இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம், காசு அச்சான ஊரின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். ஆகவே யானைப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி விலை கேட்காதீர்கள். ஒரு பைசா என்றால் சுமார் 11 கிராம் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் தெரிந்தால் அது அச்சில் வார்த்த போலி.

பெட்டியில் பிரிட்டனின் பழைய பென்னிக் காசு கிடந்தால் தள்ளிவிடாதீர்கள். 1918, 1919 தேதிக்கு இடப்பக்கம் 'ஹெச்' அல்லது 'கேஎன்' எழுத்து இருந்தால் சாதாரணப் பென்னியைவிட அரிது.

இணையத்தில் யாரோ கேட்கும் விலை விலையல்ல. ஏலத்தில் முடிந்த தொகையைப் பாருங்கள், அதுவும் உங்கள் காசின் தேய்மானத்துக்கு ஒப்பானதை. விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள முடி இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, மழுங்கிவிட்டனவா என்பதற்குள்ளேயே பல மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. வியாபாரி அந்த ஏலத் தொகையை அப்படியே தர மாட்டார். அவருக்கும் லாபம் வேண்டும்.

"காசை வாங்கிக்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசுக்குவியல் கிடைத்தால் சத்தமில்லாமல் பங்கு போடாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய காசை உங்கள் இஷ்டத்துக்கு வெளிநாட்டு ஆளுக்குத் தபாலில் அனுப்பவும் முடியாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.