கொழும்பு ஹோட்டலில் உறுப்பினராகத் தங்குவது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

விசா நேர்முகத்துக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளையைக் கட்டுநாயக்கவில் பிளேன் ஏற்றிவிட என்று கொழும்புக்கு வருகிறோம். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இடம் இல்லையென்றால் ஹோட்டல்தான். அப்படிக் காசு கொடுத்துத் தங்குகிறவர்களில் நிறையப் பேர் அந்த ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்தில் சேருவதில்லை, அது அடிக்கடி பறக்கிற ஆட்களுக்கான விஷயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சேர ஒரு சதமும் தேவையில்லை. தங்கும் செலவுக்குச் சேர்ந்து, பிறகு இலவச இரவாக மாற்றக்கூடிய புள்ளி எனக்கு இரண்டாம் பட்சம்தான். நேரடியாகப் பதிந்து, உங்கள் பெயரும் உறுப்பினர் எண்ணும் முன்கூட்டியே ஹோட்டலிடம் இருந்தால், ஏதாவது பிசகும்போது பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். அதற்காகவே சேரலாம்.

முதல் படி: எந்தத் திட்டம்?

கோட்டைப் பக்கம் 1987இல் திறந்த ஹில்டனும், யூனியன் பிளேஸில் உள்ள ஹில்டன் ரெசிடென்ஸஸும் ஹில்டன் ஹொனர்ஸில் வரும். கோர்ட்யார்ட், ஷெரட்டன் இரண்டும் மேரியட் பொன்வோய். காலிமுகத் திடல் பக்கம் 2017இல் திறந்த ஷங்ரி-லாவுக்கு ஷங்ரி-லா சர்க்கிள். சினமன் கிராண்ட், சினமன் லேக்சைட் மாதிரியான சினமன் ஹோட்டல்களுக்கு சினமன் டிஸ்கவரி.

எல்லாவற்றிலும் சேர்ந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் புள்ளி வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. நீங்களோ வீட்டாரோ லண்டன், டொரொண்டோ, சென்னை என்று போய்வருகிறவர்கள் என்றால் ஹில்டன் அல்லது மேரியட்டில் ஒன்றை எடுங்கள், இரண்டும் அங்கேயும் இருக்கின்றன. போக்குவரத்து எல்லாம் இலங்கைக்குள்தான், கொழும்பு, கண்டி, ஹபரணை, திருகோணமலை என்றால் சினமன் வசதி.

இரண்டாம் படி: பெயரைச் சரியாகப் போடுங்கள்

இதை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். நம்முடைய பெயர்கள் இந்தப் படிவங்களுக்குள் லேசில் அடங்காது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பலருக்கு அப்பாவின் பெயர் இருக்கும், மற்றப் பெயர்கள் என்ற இடத்தில்தான் சொந்தப் பெயர். அப்பா செல்வராசா, நீங்கள் சுகந்தி என்று வையுங்கள். உறுப்பினர் கணக்கை ‘எஸ். சுகந்தி’ என்று திறந்துவிட்டு அறையை ‘சுகந்தி செல்வராசா’ என்று பதிந்தால் கணினிக்கு அது இரண்டு ஆள். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயருக்கு மாறியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் இருக்கிற ஆங்கில எழுத்துகளை அப்படியே, அதே வரிசையில் போடுங்கள். இல்லையென்றால் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி. பிறகு பதிகிற ஒவ்வொரு முறையும் அதே பெயர்தான்.

இன்னொன்று, இது புலம்பெயர் குடும்பங்களுக்கு. கனடாவில் இருக்கும் மகன் தன்னுடைய கணக்கில் அறை போட்டு, அதில் அப்பாவும் அம்மாவும் மட்டும் தங்கினால், மகனுக்குப் பொதுவாகப் புள்ளி வராது, ஏனென்றால் உறுப்பினர் அங்கே தங்க வேண்டும். அப்பாவுக்கே ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்து அவர் பெயரில் கணக்கைத் திறந்து கொடுங்கள். மகன் காசு கட்டலாம், பதிவு மட்டும் அப்பாவின் பெயரிலும் எண்ணிலும் இருக்கட்டும். மகனின் கார்டில் கட்டுவதென்றால் அதற்கு என்ன தேவை என்று ஹோட்டலிடம் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்; அப்பாவை வரவேற்பு மேசையில் நிற்க வைத்துக்கொண்டு டொரொண்டோவுக்குக் கோல் எடுக்கிற நிலை வேண்டாம்.

மூன்றாம் படி: நேரடியாகப் பதியுங்கள்

அகோடா, புக்கிங் டொட் கொம் போன்ற தளங்களில் விலையைப் பாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே பதிந்தால் பெரும்பாலும் புள்ளியும் இல்லை, உறுப்பினர் நிலை உயர்வதற்கான இரவுக் கணக்கும் இல்லை. ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ உங்கள் கணக்கில் நுழைந்த பிறகு தேடினால் உறுப்பினர் விலை என்று கொஞ்சம் குறைவாக ஒன்று வரும். வெளித்தளம் நிஜமாகவே நிறைய மலிவு, தங்கப்போவதும் இந்த ஒரு தடவைதான் என்றால் அங்கேயே பதியுங்கள், ஐந்நூறு அறுநூறு புள்ளிக்காகக் காசை விடாதீர்கள். இலங்கையில் வசிப்பவர்களுக்கென்று தனி விலையும் சில ஹோட்டல்களில் உண்டு. அது மலிவாக இருக்கும், ஆனால் அதற்குப் புள்ளி உண்டா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

விலையைக் கடைசிப் பக்கம் வரை போய்த்தான் ஒப்பிட வேண்டும். முதலில் தெரியும் விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 2024 முதல் 18 சதவீதமாக இருக்கும் வற் வரி, இன்னும் சில சில்லறை வரிகள். 100 டொலர் என்று தெரிகிற அறை கட்டும்போது 130ஐத் தாண்டிவிடும். புள்ளி கணக்காவது அந்த 100க்குத்தான். ஹில்டனிலும் மேரியட்டின் கோர்ட்யார்ட், ஷெரட்டனிலும் டொலருக்கு 10 புள்ளி என்பதால் 1000 புள்ளி வரும். சினமனில் தொடக்க நிலைக்கு 4 சதவீதம், அதாவது 4 டிஸ்கவரி டொலர். ஒரு டிஸ்கவரி டொலர் ஒரு அமெரிக்க டொலருக்குச் சமம்.

நான்காம் படி: வரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்

யாழ்ப்பாணத்து இரவு பஸ் வெள்ளவத்தையில் விடியப்புறம் இறக்கிவிடும். அறை கிடைப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் முந்தின இரவையும் சேர்த்துப் பதிந்துவிடுவது நல்லது. அப்படிப் பதிந்தால், ‘விடிய ஐந்து மணிபோல வருவோம், அறையை ரத்துச் செய்ய வேண்டாம்’ என்று ஹோட்டலுக்குக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்கப் பார்த்துவிட்டு, வராத ஆள் என்று பதிவை மூடிவிட இடம் இருக்கிறது. மேலதிக இரவுக்குக் காசு இல்லையென்றால் பையை லொபியில் ஒப்படைத்துவிட்டு முகம் கழுவி வெளிக்கிட்டுப் போகலாம், அதற்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. அறை முன்பே தயாரானால் தரச் சொல்லி உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் படி: வரவேற்பு மேசையில்

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளோ டப்லெட்டோ நீட்டுவார்கள். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பெயர், போகும் திகதி, ஒரு இரவுக்கான விலை, சாப்பாட்டுத் திட்டம் (பீபீ என்றால் காலைச் சாப்பாடு சேர்த்தி, எச்பீ என்றால் இரவுச் சாப்பாடும்) எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர் எண்ணுக்கு ஓர் இடம் இருந்தால் அது வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமை என்றால் அப்போதே சொல்லி ஏற்றிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

வைப்புத் தொகை கேட்பார்கள். கடனட்டை இருந்தால் அதைக் கொடுங்கள், ஒரு தொகையைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவிப்பார்கள். டெபிட் கார்டில் பிடித்தால் அது உங்கள் சொந்தக் காசு, திரும்பி வரச் சில நாள் எடுக்கும், அந்த நாட்களில் ஊருக்குத் திரும்பக் கையில் காசு வேண்டும்.

பெரிய அறை, இலவசக் காலைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த அன்றே கிடைக்காது. அதற்கு உறுப்பினர் நிலை உயர வேண்டும்: மேரியட்டில் வருடத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 கோல்ட், 50 பிளாட்டினம். கோல்ட்டுக்குப் பிற்பகல் 2 மணி வரையும், பிளாட்டினத்துக்கு 4 மணி வரையும், அறை நிலைமையைப் பொறுத்து, பிந்திப் போகலாம். தொடக்க உறுப்பினருக்கு அந்த உரிமை இல்லை. ஆனாலும் முந்தின இரவே, ‘தம்பி, நாளைக்கு எங்களுக்கு இரவு பஸ், ஒரு மணி வரை இருக்கலாமோ?’ என்று அன்பாகக் கேளுங்கள். சனம் குறைந்த நாளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். காலையில் பெட்டி கட்டியபிறகு கேட்டால் அந்த அறையை அடுத்த ஆளுக்கு ஒதுக்கியிருப்பார்கள்.

ஆறாம் படி: பில்

ஹில்டனிலும் மேரியட்டிலும் உணவகத்துச் சாப்பாட்டை அறைக் கணக்கில் போட்டால் பொதுவாக அதற்கும் புள்ளி உண்டு. ஆனால் உங்கள் வங்கி அட்டைக்கு அந்த உணவகத்தில் கழிவு இருந்தால், அறைக் கணக்கில் போடாமல் அங்கேயே கட்டுங்கள், கழிவுதான் பெரிசு.

போகும்போது முழு பில்லையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். புள்ளி சில நாட்களில் கணக்கில் ஏறும். இரண்டு வாரமாகியும் ஏறவில்லையென்றால் செயலியில், விடுபட்ட தங்கலைக் கோருகிற இடத்தில் பில் இலக்கத்தையும் திகதியையும் போட்டு அனுப்புங்கள். ஹில்டனிலும் மேரியட்டிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் சேர்ந்த புள்ளி எல்லாம் காலாவதியாகும், அதனால் அடுத்த கல்யாணம் எப்போது என்று பார்த்துத் திகதியைக் குறித்து வையுங்கள்.