பாராதைராய்டு அறுவை: கத்தி வைக்குமுன்பே நடக்கும் தவறுகள்

தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று கட்டியாகி பி.டி.எச். ஹார்மோனை அளவில்லாமல் சுரந்தால், எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும். முன்பெல்லாம் நோயாளிகள் எலும்பு முறிந்து, நடக்க முடியாமல் வந்தார்கள். 1970-களில் மேலை நாடுகளில் தானியங்கி ரத்தப் பரிசோதனை பரவியபின், தொந்தரவே இல்லாதவர்களிடமும் நோய் தற்செயலாகத் தெரியவந்தது. இந்தியாவில் இன்று இரு வகையினரும் வருகிறார்கள். ஆகவே எலும்பு வலி இல்லை என்று நோயை ஒதுக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வருபவருக்கு, கால்சியம் பார்க்காமல் கல்லை மட்டும் உடைத்து அனுப்புவதும் தவறு.

ரிப்போர்ட் படிப்பதில்தான் பெரிய சறுக்கல். கால்சியம் 11.4 என்று ஏறியிருந்து, பி.டி.எச். 52 என்று எல்லைக்குள் இருந்தால், பி.டி.எச். நார்மல் என்று விட்டுவிடுகிறார்கள். கால்சியம் ஏறும்போது பி.டி.எச். அடங்க வேண்டும், அடங்காமல் நிற்பதே கோளாறு. ரத்தப் புரதமான அல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிப் பாருங்கள். வைட்டமின் டி குறைவு, ஏறிய கால்சியத்தை நார்மலாகக் காட்டிவிடும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதிப்பதைத் தவிர்க்காதீர்கள்: சிறுநீரில் எவ்வளவு கால்சியம் வெளியேறுகிறது என்று காட்டும் கால்சியம்-கிரியாட்டினின் கிளியரன்ஸ் விகிதம் 0.01-க்குக் கீழே இருந்தால், அது பரம்பரையாக வரும் வேறொரு நிலையாக இருக்கலாம். அதற்கு அறுவை பயன்படாது.

பால், தயிர், கேழ்வரகை நிறுத்தச் சொல்வதும் வேண்டாம். உணவில் கால்சியம் குறைந்தால் பி.டி.எச். இன்னும் ஏறும்.

கட்டி இருக்கும் இடத்தைத் தேடும் செஸ்டமிபி ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. நோயை உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனை; ஸ்கேன் சர்ஜனுக்கு இடம் காட்ட மட்டுமே.

100-ல் 80 முதல் 85 பேருக்கு ஒரே கட்டிதான். மற்றவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் கெட்டிருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்து முடித்தால் நோய் அப்படியே தங்கும். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்பதால், கட்டியை எடுத்து 10 நிமிடத்தில் அது பாதி அளவுக்கும் கீழே இறங்கியதா என்று அறுவை அரங்கிலிருந்தே பார்க்கலாம். கட்டியின் உறை கிழியக் கூடாது. சிதறும் செல்கள் கழுத்தில் மறுபடி வளரலாம்.

எலும்பு பாதிப்பைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தவரை, அறுவை முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்தின் கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். 2 முதல் 4-ஆம் நாளில் அளவு அடிமட்டத்துக்குப் போகும். உதட்டைச் சுற்றி மரத்துப்போனால், விரல்கள் இழுத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு வழியே கால்சியம் தேவைப்படலாம். 6 மாதம் கழித்தும் கால்சியம் நார்மலாக இருந்தால்தான் குணம் என்று கணக்கு. அதற்கு முன் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.