கருச்சிதைவுக்குப் பிறகு வெளிநாடு போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

கரு கலைந்த பிறகு கொஞ்ச நாள் எங்காவது போய்விட்டு வரலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போகலாம். ஆனால் தேதியை லீவைப் பார்த்துக் குறிக்காதீர்கள். ரத்தப்போக்கையும் ரிவ்யூவையும் பார்த்துக் குறியுங்கள்.

பன்னிரண்டு வாரத்துக்குள் கலைந்திருந்தால் ரத்தப்போக்கு பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். மாத்திரை போட்டு வெளியேறியவர்களுக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். கருப்பையில் திசு மிச்சமிருந்தால், நின்றது போலிருந்த ரத்தம் திடீரென்று அதிகமாகும். ஊரில் இருந்தால் பார்த்த டாக்டரிடமே ஓடலாம். வெளியூரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். அதனால் மூன்று வாரம் பொறுங்கள். அப்போது வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்ப டெஸ்ட் எடுங்கள். ஒரு கோடு மட்டும் வந்து, ரத்தமும் நின்றிருந்தால் கிளம்பலாம். அப்போதும் இரண்டு கோடு வந்தால் பயணத்தைத் தள்ளிவைத்து ஸ்கேன் பாருங்கள்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. கருக்குழாயில் கரு தங்கி மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டவர்களுக்கு, பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடிக்கலாம். அளவு முழுதாக இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானம் ஏறக் கூடாது. அந்த ஊசிக்குப் பின் ஃபோலிக் ஆசிட், வலி மாத்திரையான இபுபுரோஃபென் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கடும் வெயிலும் ஆகாது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக வளராமல் நச்சுக்கொடித் திசு மட்டும் பெருகுவது) என்றால் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை தொடரும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே அடங்கும் சின்னப் பயணமாக வையுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் போன கர்ப்பம் என்றால், அடுத்த ஆறு வாரம் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். பாலும் கட்டும். நீண்ட விமானப் பயணத்தைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் வாங்குங்கள். எத்தனை வாரத்தில், எந்தத் தேதியில் கலைந்தது, டிஎன்சியா (கருப்பையைச் சுத்தம் செய்தது) மாத்திரையா, ரத்த வகை, ஹீமோகுளோபின், கடைசி ஸ்கேன், மருந்துகளின் பொதுப்பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். நெகடிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட்ட தேதியும் வேண்டும். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. நம் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மிஸ்டு அபார்ஷன்’ (கரு உள்ளேயே வளர்ச்சி நின்றுபோனது) என்று எழுதுவது வழக்கம். வெளிநாட்டு அதிகாரி அதை வேண்டுமென்றே கலைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் ‘ஸ்பான்டேனியஸ் மிஸ்கேரேஜ்’ என்றே எழுதச் சொல்லுங்கள். கருவை வெளியேற்றும் மாத்திரையான மிசோப்ரோஸ்டால் மிச்சமிருந்தால் எடுத்துப்போகவே வேண்டாம். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 1998 முதல் கருக்கலைப்புக்கு முழுத் தடை. கரு தானாகக் கலைந்த பெண்களே அங்கே சிறைக்குப் போயிருக்கிறார்கள். வலிக்கான டிரமடால், கோடீன், பதற்றத்துக்கான அல்பிரசோலம் போன்றவற்றை எடுத்துப்போக ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் முன் அனுமதி வாங்க வேண்டிவரலாம்.

பல டிராவல் இன்சூரன்ஸ் பாலிசிகள் கர்ப்பம் சார்ந்த சிக்கல்களை விலக்கிவைத்திருக்கும். பணம் கட்டும் முன் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொல்வது கிளெய்ம் நேரத்தில் செல்லாது.

சீட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம் ஒவ்வொரு கேபினின் முன்வரிசைச் சுவரில்தான் இருக்கும். அதிலிருந்து பல வரிசை தள்ளி, நடைபாதை ஓரமாக எடுங்கள். கைப்பையில் பெரிய பேட் பத்துப் பன்னிரண்டு, மாற்று உள்ளாடை இரண்டு, அடர்நிற பேன்ட் ஒன்று, ஜிப் கவர். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானம் என்றால், கெண்டைக்காலைக் காலையில் அளந்து வாங்கிய கம்ப்ரஷன் காலுறை போடுங்கள். மாலையில் அளந்தால் வீக்கத்தோடு அளவு தப்பும். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். ரத்தம் நிற்கும்வரை டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப், நீச்சல் குளம், உடலுறவு எதுவும் வேண்டாம். கிருமி உள்ளே ஏறிவிடும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது கூட வருபவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்: மணிக்கு இரண்டு பெரிய பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, தாங்க முடியாத வயிற்றுவலி, தோள்பட்டை வலியோடு மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் எண் சிங்கப்பூரில் 995, ஜப்பானில் 119, பிரிட்டனில் 999. சிங்கப்பூரின் கேகே மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், “விசேஷம் ஏதாவது உண்டா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வந்த பிறகு பதில் தேடாதீர்கள். கிளம்பும் முன்பே அம்மாவோ அக்காவோ போன் போட்டு, “கரு கலைஞ்சிடுச்சு, அதைப் பத்திக் கேக்காதீங்க, ஆறுதலும் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிடட்டும். கர்ப்பகால ஆப்பின் அறிவிப்புகளையும் நிறுத்திவையுங்கள். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதி பயணத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த நாளில் எந்த புக்கிங்கும் வைக்காதீர்கள். கணவரும் துக்கத்தில் இருக்கிறார். அவருக்கும் தனியாக நடந்துவர ஒரு மாலை விடுங்கள்.

ஜப்பான் போனால் ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோ டவர் பக்கத்தில் ஸோஜோஜி கோயிலில் சிவப்புத் தொப்பி போட்ட ஜிஸோ (குழந்தைகளைக் காக்கும் புத்தத் தெய்வம்) சிலைகள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் காற்றாடிகள் சுற்றும். கமகுரா நகரின் ஹசெதெரா கோயிலிலும் இப்படிச் சின்னச் சின்னச் சிலைகள் ஏராளம். பிறக்காமல் போன குழந்தைகளுக்காகப் பெற்றோர் வைத்தவை அவை. சிலருக்கு அங்கே நின்று அழுவது பெரிய ஆறுதல். சிலருக்கு எதிர்பாராமல் பார்த்தால் தாங்காது. போவதா வேண்டாமா என்பதை ஓட்டலிலேயே முடிவு செய்யுங்கள். போனால் கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கான கணக்கும் உண்டு. கலைந்த இரண்டு வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், அதனால் கருத்தடை இல்லாமல் இருக்காதீர்கள். கருவைப் பாதிக்கும், கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் உள்ள நாட்டுக்குப் போனால், திரும்பிய பின் பெண் இரண்டு மாதமும் ஆண் மூன்று மாதமும் காத்திருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டால் நான்கு வாரம். மாதவிடாய் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வரும். முதல் முறை வழக்கத்தைவிட அதிகமாகப் போகலாம். எட்டு வாரம் தாண்டியும் வராவிட்டால் டெஸ்ட் எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.