வெஸ்டர்மார்க்ட் சதுக்கத்தின் மூன்று முக்கோணங்களைப் பார்ப்பது எப்படி?

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லம் பார்க்க வருகிறவர்களில் பலர், பக்கத்திலேயே இருக்கும் ஹோமோமோனுமென்ட்டை, அதாவது தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுச்சின்னத்தை, மிதித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். அண்ணாந்து சிலை தேடினால் கிடைக்காது. தரையைப் பார்க்க வேண்டும்.

வெஸ்டர்மார்க்ட் டிராம் நிறுத்தத்தில் இறங்கி, வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் பின்புறம், கைசர்ஸ்கிராக்ட் கால்வாய்ப் பக்கம் வாருங்கள். இளஞ்சிவப்பு கிரானைட்டில் மூன்று முக்கோணங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 10 மீட்டர். மூன்றும் சேர்ந்து 36 மீட்டர் பக்கமுள்ள ஒரு பெரிய முக்கோணத்தின் மூலைகள். தரையில் நின்றபடி முழு வடிவமும் கண்ணில் படாது. கற்களுக்கு நடுவே பதித்த மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஒரு மூலையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. அதன்மேலேயே நடங்கள், வடிவம் புரிந்துவிடும்.

நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடையில் தைத்த அடையாளம்தான் இந்த இளஞ்சிவப்பு முக்கோணம்.

முதலில் தரைமட்ட முக்கோணத்துக்குப் போங்கள். யாக்கோப் இஸ்ரேல் டி ஹான் என்ற யூதக் கவிஞரின் வரி ஒன்று அதில் செதுக்கப்பட்டிருக்கிறது: நட்புக்காக இத்தனை அளவில்லாத ஏக்கம் என்பது பொருள். அதன் முனை ஆன் ஃபிராங்க் இல்லத்தைக் காட்டுகிறது. அடுத்தது 60 சென்டிமீட்டர் உயர்ந்த மேடை. 1946இல் தொடங்கிய சி.ஓ.சி. என்ற தன்பாலீர்ப்பாளர் அமைப்பின் அன்றைய அலுவலகத்தை நோக்கியது. மூன்றாவது படிகளாக இறங்கித் தண்ணீரைத் தொடுகிறது. அதன் முனை டாம் சதுக்கத்தின் தேசிய நினைவுத்தூண் பக்கம் நீள்கிறது.

இந்தக் கடைசித் திசையில்தான் மனம் அதிகம் நிற்கிறது. 1970 மே 4 அன்று, போரில் இறந்தோரை நினைவுகூரும் நாளில், அந்தத் தூணடியில் தன்பாலீர்ப்பாளர்களுக்காக மலர்வளையம் வைக்கப்போன இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. தங்களவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, காரின் டானின் வடிவமைப்பில் 1987 செப்டம்பர் 5 அன்று இது திறக்கப்பட்டது.

தண்ணீர்ப் படிகள் உட்கார வசதியானவை. அதனாலேயே தவறு நடக்கிறது. அஞ்சலி மலர்கள் வைக்கும் இடமும் அதுதான். பூ கிடந்தால் அதன்மேல் பையை வைக்காமல், சாப்பிட மேடைக்குப் போய்விடுங்கள். மழை நாளில் கீழ்ப்படி வழுக்கும்.

அஞ்சலி செலுத்த விரும்பினால் மே 4 மாலையில், 8 மணி மௌனத்துக்கு முன்பே வந்து நில்லுங்கள். மறுநாள் விடுதலை நாள். அதே கற்களைச் சுற்றி ஆட்டமும் பாட்டுமாக இருக்கும்.