சிறிய அரங்கில் ஒரு மூத்த ராக் கிதார் கலைஞரை நேரில் பார்ப்பது எப்படி: இருக்கை, காது, கண்

எழுபது வயதைக் கடந்த ஒரு ராக் கிதார் கலைஞரை, ஆயிரம் பேர்கூட அமர முடியாத அரங்குகளில் நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை முதல் வரிசையில் அமர்ந்திருந்தேன். அவ்வளவு அருகில் இருந்தும் அவருடைய விரல்கள் என்ன செய்தன என்பது எனக்குத் தெரியவில்லை; பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை; வீடு திரும்பிய பிறகும் இரண்டு நாள்கள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. இரண்டாம் முறை மாடியில் அமர்ந்து, காதுகளை முறையாக அடைத்துக்கொண்டு பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் ஒலிப்பதிவுகளில் கேட்டு வியந்த ஒலிகள் எந்த விரலிலிருந்து பிறக்கின்றன என்பது கண்ணெதிரே புரிந்தது. இவ்விரண்டு இரவுகளுக்கும் இடையில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குக் கிதார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விளையாட்டரங்குகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் திரையைத்தான். சிறிய அரங்கில் கலைஞரின் கைகள் நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆகவே இருக்கை முதல் இருநோக்கி (பைனாகுலர்) வரை ஒவ்வொரு முடிவையும் "இதனால் கைகள் எனக்குத் தெரியுமா?" என்று கேட்டு எடுங்கள்.

படி 1: இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

எனக்கு மிகவும் இடறிய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வலக்கைப் பழக்கமுள்ள கலைஞர் நம்மை நோக்கி நிற்கும்போது, கிதாரின் கழுத்து நமக்கு வலப்புறமாக நீண்டிருக்கும். நின்றபடி வாசிக்கும் பலர் அந்தக் கழுத்தைத் தம் உடலிலிருந்து சற்றே முன்னோக்கித் தள்ளிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கும்போது விரல்கள் ஓடும் பலகையின் முகம் நமக்கு இடப்புறம் அமர்ந்திருப்பவர்களை நோக்கித் திரும்புகிறது. ஆகவே, அவர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரிலிருந்து நமக்கு இடப்புறமாகச் சில இருக்கைகள் தள்ளி அமர்ந்தால் இரண்டு கைகளும் ஒருசேரத் தெரியும். வலப்புறம் அமர்ந்தாலோ கழுத்தின் முனை நம்மை நோக்கி நீளும். விரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்துவிடும்.

இதை நான் முன்பே அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் தவறான பக்கத்தில் இருக்கை வாங்கினேன். சீட்டு விற்ற இணையதளத்தில் "ஸ்டேஜ் லெஃப்ட்" என்று குறித்திருந்ததைப் பார்த்து, அது என் இடப்புறம் என்று எண்ணிவிட்டேன். அந்தச் சொல் மேடையில் நின்று பார்வையாளர்களைப் பார்ப்பவருடைய இடப்பக்கத்தைக் குறிக்கிறது. அதாவது, நமக்கு அது வலப்புறம். பார்வையாளர்களுடைய இடப்பக்கத்தை "ஹவுஸ் லெஃப்ட்" என்பார்கள். எனவே சொற்களை நம்பாமல், இருக்கை வரைபடத்தில் மேடை எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். மேடையை நோக்கி அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இடம் எது, வலம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கலைஞர் மேடையின் நடுவில் நிற்பாரா, ஓரத்தில் நிற்பாரா என்பதை அதே சுற்றுப்பயணத்தின் ஏதேனும் ஒரு காணொளியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது வரிசை. முதல் வரிசையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேடையின் விளிம்பு நம் கண்மட்டத்துக்கு அருகில் வந்துவிடுவதாலும், பாடகருக்காக வைக்கப்படும் சாய்வான மானிட்டர் பெட்டிகள் குறுக்கே நிற்பதாலும், கலைஞரின் பாதங்களும், கிதாரின் ஒலியை மாற்ற அவர் காலால் அழுத்தும் பெடல்கள் அடுக்கிய பலகையும் முற்றிலுமாக மறைந்துவிடுகின்றன. ஒலியும் அங்கே குலைந்திருக்கும். பாடகரின் குரல் வெளிவருவது மேடையின் இருபுறமும் உள்ள பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து. அவை முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் இருப்பவர்களை நோக்கியே அமைக்கப்பட்டிருக்கும். முன்வரிசைக்கு நேரடியாக வந்து சேர்பவை ட்ரம்ஸும், கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியான ஆம்பின் ஒலியும்தான். அதிலும் ஆம்பிலிருந்து வரும் கூர்மையான மேல்சுருதி ஒலிகள் கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேர்கோட்டில் பாய்வதால், அதன் நேர் எதிரில் அமர்ந்திருப்பவருக்கு வேறு எதுவும் கேட்காது.

என் தேர்வு மாடியின் முதல் வரிசை. நடுவிலிருந்து சற்று இடப்புறம். அங்கிருந்து கைகள், பெடல்கள், ஆம்பின் குமிழ்கள், கிதாரை மாற்றித் தரும் உதவியாளர் என அனைத்தும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. மாடி இல்லாத அரங்கில் ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால் உள்ள வரிசைகளைப் பாருங்கள். கலவை செய்பவர் தம் காதுக்கு நன்றாகக் கேட்கும்படியே ஒலியைச் சரிசெய்கிறார் என்பதால், அவரைச் சுற்றியுள்ள இடங்களில் ஒலி சமநிலையோடு இருக்கும். கீழ்த்தளத்தில் மாடிக்கு அடியில், பின்பக்கமாக அமைந்த இருக்கைகளைத் தவிருங்கள். தாழ்ந்த கூரை மேல்சுருதி ஒலிகளை மறைத்து எல்லாவற்றையும் மழுங்கச் செய்துவிடும்.

சீட்டுகள் தீர்ந்துவிட்டன என்று கண்டு மனம் தளர வேண்டாம். ஒலிக்கலவை மேசையும் படக்கருவிகளும் எங்கே வரும் என்பது உறுதியாகும் வரை சில இருக்கைகளை விற்காமல் வைத்திருப்பது வழக்கம். நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன் அவை விற்பனைக்கு வரும். தனியாகச் செல்பவருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். என் மாடி இருக்கை அப்படிக் கிடைத்ததுதான்.

படி 2: காதுகளைத் தயார்செய்தல்

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். உலக சுகாதார அமைப்பு 2022இல் நிகழ்ச்சி அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலை, சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த உச்சத்திலேயே ஒலிக்கும் ராக் நிகழ்ச்சி ஒன்று இரண்டு மணி நேரம் நடந்தால், அடைப்பான் இல்லாத காதுக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ராக் கிதார் கலைஞர்களான பீட் டவுன்ஷெண்டும் எரிக் கிளாப்டனும் தங்கள் செவித்திறன் பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான்கள் காதைக் காக்கும். ஆனால் மேல்சுருதியை அதிகமாகவும் அடிச்சுருதியைக் குறைவாகவும் தடுப்பதால், கிதார் கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் மூன்றடுக்கு சிலிக்கோன் அடைப்பானை நான் பயன்படுத்துகிறேன். வேறு இரண்டு வகைகளை முயன்ற பிறகும் இதற்கே திரும்பினேன்.

எதை வாங்கினாலும் பொருத்தும் முறை முக்கியம். வலக் காதில் பொருத்தும்போது இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலக் காதின் மேற்பகுதியைப் பிடித்து மேல்நோக்கியும் பின்நோக்கியும் மெதுவாக இழுங்கள். வளைந்திருக்கும் செவிக்குழாய் அப்போது நேராகும். பஞ்சு அடைப்பானாக இருந்தால் அதை மெல்லிய திரி போல உருட்டி நுழைத்து, அது விரிந்து நிரம்பும் வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சுற்றியுள்ள சத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அரங்குக்குள் நுழைந்த பின் அவசரமாகப் பழகாமல், முந்தைய நாள் இரவே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

படி 3: முன்கூட்டியே பார்க்க வேண்டியது

2007 நவம்பரில் லண்டனின் ரானி ஸ்காட்ஸ் என்னும் சிறிய ஜாஸ் மன்றத்தில் ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் ஒரு வாரம் வாசித்தார். அந்த நிகழ்ச்சிகளின் காணொளிப் பதிவை, நீங்கள் பார்க்கப்போவது வேறு கலைஞராகவே இருந்தாலும், ஒரு முறை பாருங்கள். அப்போது அவருக்கு வயது 63. பிக் என்னும் மீட்டுவில்லை இல்லாமல், கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் தந்தியை மீட்டிக்கொண்டே, சுண்டுவிரலால் வால்யூம் குமிழைத் திருப்பிக்கொண்டும், தந்திகளை இறுக்கித் தளர்த்தும் ட்ரெமோலோ கம்பியை அசைத்து ஒரே சுரத்தை வளைத்துக்கொண்டும் இருப்பதை அதில் அருகிலிருந்து காணலாம். வலக்கையே பாடும் என்பதை நான் அதில்தான் முதன்முதலில் கண்டேன்.

பாடல் வரிசையை முன்கூட்டியே இணையத்தில் தேடிப் படிக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் படிப்பதில்லை; அடுத்து என்ன வரும் என்று தெரியாதபோதுதான் கண் கைகளை விட்டு அகலாமல் இருக்கிறது.

படி 4: இருநோக்கி

மாடியில் அமர்பவருக்கு ஓர் இருநோக்கி தேவை. பலரும் 8×21 என்னும் சட்டைப்பை அளவிலானதை வாங்குகிறார்கள். நான் 6×30 வகையையே பரிந்துரைப்பேன். முதல் எண் பெருக்கம், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டம் (மில்லிமீட்டரில்). இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும்: முன்னதில் ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர், பின்னதில் 5. மங்கலான மேடை ஒளியில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். குறைந்த பெருக்கத்தில் கை நடுக்கமும் குறைவாகத் தெரியும்; 15 மீட்டர் தொலைவில் இரண்டு கைகளும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும்.

கைபேசியைப் பையிலேயே வைத்துவிடுங்கள். சிறிய அரங்கின் இருளில் ஒரு திரையின் வெளிச்சம் பின்னால் மூன்று வரிசையினரின் கண்களைக் கெடுக்கும்.

படி 5: மேடையில் எதைப் பார்ப்பது

முதல் பாடலில் வலக்கையை மட்டும் பாருங்கள். ஒலி கடினமாக உறுமுவதிலிருந்து திடீரென்று தெளிவாக மாறும்போது நம் கண் பாதத்துக்குப் போகும்; பெரும்பாலான நேரங்களில் மூத்த கலைஞர்கள் பெடலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். கிதாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தால் ஆம்புக்குச் செல்லும் மின்குறிப்பு மெலிந்து, ஆம்பினுள் ஒலியைப் பெருக்கும் வால்வுக் குழாய்கள் திணறாமல் தெளிவான ஒலியைத் தருகின்றன. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிதார் வகையில் இந்தக் குமிழ் மீட்டும் கைக்கு மிக அருகில் இருப்பதால், வாசித்தபடியே சுண்டுவிரலால் அதைத் திருப்ப முடிகிறது. குமிழை மூடிவைத்துச் சுரத்தை மீட்டி, பிறகு மெல்லத் திறந்தால் மீட்டிய ஓசை மறைந்து வயலின் வில்லின் இழைவு போல ஒலி எழும்பும். நான் இரண்டாம் முறை பார்த்தபோது இப்படி எழுந்த ஒரே ஒரு சுரம் அரங்கையே மூச்சடக்க வைத்தது. ஒலிப்பதிவில் அதை நான் கீபோர்டு என்றே பல்லாண்டுகள் நினைத்திருந்தேன்.

நீண்ட சுரம் ஒன்று தேயாமல் நிற்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஆம்பை நோக்கித் திரும்பியிருப்பார். அதிலிருந்து வரும் ஒலி தந்தியை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மீண்டும் ஆம்புக்குச் சென்று ஒலியாகத் திரும்புகிறது. அரை அடி நகர்ந்தாலே சுரம் அதன் மேல்நிலைக்குத் தாவக்கூடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் மேடையில் அந்தப் புள்ளியைத் தேடிப்போய் நிற்பார்கள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடல்கள் பதிவில் இருப்பதைவிட அரைச்சுரம் அல்லது ஒரு சுரம் தாழ்த்தி வாசிக்கப்படலாம். குரலுக்கு அது இளைப்பாறல், தந்திகளும் சற்றுத் தளர்ந்து விரல்களுக்கு இணங்கும். விரைவான பகுதிகளில் சில சுரங்கள் விடப்பட்டிருக்கும். அவற்றைக் குறையாக எண்ணிக்கொண்டிருந்தால், விடப்பட்ட இடத்தில் அவர் என்ன வைத்திருக்கிறார் என்பதைத் தவறவிடுவோம். ஒரு தந்தியை மேலே தள்ளிச் சுரத்தை அடைவதற்கு முன் அவர் காட்டும் தயக்கத்தையும், அடைந்த பின் கமகம் போல அதை அசைக்கும் வேகத்தையும் கவனியுங்கள். இளமைக்காலப் பதிவில் அது இருக்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் அடைப்பான்களை அரங்குக்கு வெளியே வந்த பிறகே கழற்றுங்கள். மறுநாளும் காதில் ரீங்காரம் இருந்தால் அடுத்த முறை பொருத்தும் முறையைத் திருத்த வேண்டும். அது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: இடம் வலம் பற்றி நான் சொன்னபடி அமர்ந்தும் கைகள் தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். விசாரித்தபோது அவர் பார்த்தவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று தெரிந்தது. அத்தகைய கலைஞர்களுக்கு எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளுங்கள். வலப்புறமே நல்ல பக்கம். பிளாக் சப்பத் இசைக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி இவ்வகையில் அனைவரும் அறிந்தவர். 1965இல் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த அவர், தாமே செய்த உறைகளை அணிந்து, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். தந்திகளை அழுத்தும் கை அவருக்கு வலக்கைதான்.

பின்சேர்க்கை 2: மாடியின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி கண்ணை மறைக்கிறது என்று மற்றொருவர் தெரிவித்தார். இது உண்மை, உயரம் குறைந்தவர்களுக்கு அந்தத் தொல்லை அதிகம். அவ்வாறான அரங்குகளில் மாடியின் மூன்றாம் வரிசையை எடுங்கள். சீட்டு வாங்கும் முன் அரங்கின் அலுவலகத்தை அழைத்து, அந்த இருக்கையிலிருந்து பார்வை மறைகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.